விளையாட்டு வீரர்களை நாங்கள் ஏன் தலையில் வைத்துக் கொண்டாடுகிறோம்?

கிளிநொச்சிப் பக்கத்தில் மாட்டுவண்டிச் சவாரி நடக்கிற நாளில் ஒருமுறை வந்து பாருங்கள். நேராக நீண்டு கிடக்கும் திடல். இரண்டு வண்டிகள் பக்கம் பக்கமாக நிற்கும். கொடி விழுந்ததும் முதலில் புழுதிதான் கிளம்பும், மாடு பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் நிற்கிற சனம் கத்துகிற கத்தலில் காது அடைத்துப்போகும். என்ன நடக்கிறது என்று விளங்குவதற்குள் ஓட்டம் முடிந்துவிடும்.

அதற்குப் பிறகு நடப்பதைப் பார்க்கத்தான் நான் போகிறேன். வென்ற சோடியை அவிழ்த்து மர நிழலில் கட்டுவார்கள். மாட்டின் வாயோரம் நுரை தள்ளியிருக்கும், விலா ஏறி ஏறி இறங்கும். சனம் ஒவ்வொருவராக வந்து அதன் முதுகில் கை வைக்கும். போன முறை ஒரு தகப்பன், தோளில் இருந்த பிள்ளையை இறக்கி, அதன் சின்னக் கையைப் பிடித்து மாட்டின் விலாவில் வைத்து, "நெஞ்சு அடிக்கிறது தெரியுதா?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற வயோதிபர் ஒருவர், "இது எங்கட மாடு" என்றார். மாடு அவருடையது இல்லை. அவருடைய ஊர் மாடுகூட இல்லை, இரண்டு ஊர் தள்ளி இருக்கும் ஒருவருடையது. ஆனாலும் சொல்லும்போது அவர் நெஞ்சு நிமிர்ந்திருந்தது. (மாட்டை அடித்தும் குத்தியும் விரட்டுகிற பழக்கம் எனக்கு அறவே பிடிக்காது. இந்தக் கட்டுரையின் விடயம் அது இல்லைதான், ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.)

அந்த மாட்டுக்குத் தான் வென்றது தெரியாது. யாரையும் தோற்கடிக்க வேண்டும் என்றோ, ஊருக்குப் பேர் வாங்கித் தர வேண்டும் என்றோ அது நினைத்து ஓடவில்லை. பிறகு ஏன் சனம் அதைத் தொட்டுப் பார்க்க வரிசையில் நிற்கிறது? கிரிக்கெட் பந்துவீச்சாளர் முரளிதரனையோ வலைப்பந்தாட்டக்காரி தர்ஜினியையோ பார்க்கும்போது எங்களுக்குள் எழுகிற உணர்வும் அடியில் இதுதான் என்று நினைக்கிறேன். அந்த உணர்வு என்ன, எங்கிருந்து வருகிறது, வந்தால் எங்களை என்ன செய்கிறது என்பதைப் பாடசாலைப் பிள்ளைக்கும் விளங்கும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

தொடங்க முன் ஒரு சொல்லைப் பற்றிப் பேச வேண்டும். போர் கண்ட எங்கள் வன்னியில் 'வீரர்' என்று சொன்னால் மனம் வேறொரு பக்கம் போய்விடும். எங்களில் பலருடைய வீட்டில் அந்தச் சொல்லுக்கு ஒரு படமும் ஒரு விளக்கும் உண்டு. அந்த நினைவு அதன் இடத்தில் இருக்கிறது. இங்கே நான் 'விளையாட்டு வீரர்' என்று எழுதும்போது, ஓடியும் பாய்ந்தும் எறிந்தும் நீந்தியும் மற்றவர்களை வியக்க வைத்தவர்களை மட்டும்தான் சொல்கிறேன்.

சரி, வியப்பு என்றால் என்ன?

இதற்குத் தமிழில் மிகப் பழைய விளக்கம் ஒன்று இருக்கிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், பாட்டில் வருகிற மனித உணர்வுகளை எட்டாக வகுக்கிறது. சிரிப்பு, அழுகை, பயம், கோபம் என்று போகும் அந்த எட்டில் இரண்டு எங்களுக்கு இங்கே வேண்டும். ஒன்று மருட்கை, அதாவது வியப்பு. மற்றது பெருமிதம். மெய்ப்பாடு என்ற சொல்லையே கொஞ்சம் நின்று கவனியுங்கள். மெய் என்றால் உடம்பு. மனதில் எழுந்தது உடம்பில் வெளிப்படுவதுதான் மெய்ப்பாடு. கடைசி வளைவில் ஒரு பிள்ளை மற்றவளை முந்தும்போது உங்களுக்கு மயிர் கூச்செறிகிறதே, உட்கார்ந்திருந்தவர் உங்களை அறியாமல் எழுந்து நிற்கிறீர்களே, அது.

வியப்பு நான்கு வழியால் வரும் என்கிறது அந்த நூல்: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். முன்பு காணாதது ஒன்று, அளவுக்கு மிஞ்சிப் பெரியது ஒன்று, நம்ப முடியாத அளவுக்குச் சிறியது அல்லது நுண்ணியது ஒன்று, ஒரு பொருள் இன்னொன்றாக மாறுவது ஒன்று. பெருமிதம் வருவதற்கும் நான்கு: கல்வி, தறுகண், புகழ், கொடை. தறுகண் என்றால் அஞ்சாமை. பெருமிதம் உண்மையில் அந்த வீரருடைய உள்ளத்தில் எழுகிற உணர்வு, ஆனால் பார்த்துக்கொண்டிருக்கும் எங்களையும் அது தொற்றிக்கொள்ளும். எந்த விளையாட்டு வீரரை எடுத்தாலும் இந்த நான்கும் நான்கும் எட்டு வழிகளில் ஏதாவது ஒன்று அவரிடம் அகப்படும். சிலரிடம் மூன்று நான்கு சேர்ந்திருக்கும்.

புதுமைக்கு முரளியை விட்டால் ஆள் இல்லை. அவரை நான் முதலில் கண்ணால் காணவில்லை, காதால்தான் கேட்டேன்.

1996 மார்ச். இடம்பெயர்ந்து வந்த குடும்பங்கள் வன்னி முழுக்கக் கொட்டில் போட்டு இருந்த காலம். மின்சாரம் இல்லை. பற்றரி அருமையிலும் அருமை. முற்றத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோ வயரை வானொலியில் கொளுவி, பெடலைக் கையால் சுற்றுவோம். சுற்றுகிற வேகம் குறைந்தால் வர்ணனையாளரின் குரல் கிணற்றுக்குள் போய்விடும். கூட்டினால் திரும்ப மேலே வரும். மார்ச் 17ஆம் திகதி லாகூரில் இலங்கை அணி ஆடிய கிரிக்கெட் உலகக் கிண்ண இறுதி ஆட்டம். ஆளுக்கு ஐந்து ஓவர் என்று முறை வைத்துச் சுற்றினோம். முறை முடியும்போது தோள்மூட்டு கழன்று விழுகிற மாதிரி இருக்கும். "இவங்கள் வென்றால் உங்களுக்கு என்னடா சந்தோசம்?" என்று ஒரு பெரியவர் கேட்டார். அன்றைய நிலைமையில் நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்கிற வயது எங்களுக்கு இல்லை. முரளி பந்து வீசுகிறார் என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும்.

அதற்கு மூன்று மாதம் முன்னர்தான், 1995 டிசம்பர் 26ஆம் திகதி, மெல்பேண் மைதானத்தில் நடுவர் டரல் ஹெயார் அவருடைய பந்துகளை ஏழு தடவை நோபோல் என்று அறிவித்திருந்தார். முரளி பந்தை வீசவில்லை, எறிகிறார் என்பது குற்றச்சாட்டு. கண்டியில் பிறந்த அந்தத் தமிழருக்குப் பிறவியிலேயே முழுதாக நிமிராத முழங்கை. அதோடு, எந்தப் பக்கமும் திரும்புகிற மணிக்கட்டு. அப்படி ஒரு கையை யாரும் அதற்கு முன் கண்டதில்லை. கண்டிராத ஒன்றைப் பார்த்தால் ஒருவருக்கு வியப்பு வரும், இன்னொருவருக்குச் சந்தேகம் வரும். புதுமைக்கு இரண்டு முகமும் உண்டு. பிற்பாடு பந்துவீச்சாளர்களை வேகமான கமராவால் படம்பிடித்து அளந்து பார்த்தபோது, நேர்க்கை என்று எல்லோரும் நம்பியிருந்த பலருடைய முழங்கையும் வீசும்போது கொஞ்சம் நிமிர்கிறது என்று தெரிய வந்தது. 2005ஆம் ஆண்டு முதல் 15 பாகை வரை எல்லோருக்கும் அனுமதி என்று விதி வந்தது.

2010 ஜூலையில் காலியில் அவருடைய கடைசி டெஸ்ட். 800 விக்கெட்டுக்கு எட்டுப் பாக்கி. இந்தியாவின் கடைசி ஆட்டக்காரரின் மட்டை விளிம்பில் பட்டு மகேல ஜயவர்தனவின் கைக்குள் போன பந்துதான் 800ஆவது விக்கெட். டெஸ்ட் ஆட்டத்தில் அவர் வீசிய கடைசிப் பந்தும் அதுதான். கதையில் எழுதியிருந்தால் நம்பமாட்டோம்.

இன்னொன்றையும் இங்கே சொல்லி வைக்கிறேன், பிறகு தேவைப்படும். அந்த நாளில் எங்கள் ஒழுங்கையில் மென்பந்து விளையாடிய எல்லாப் பெடியளும் முரளியாகத்தான் பந்து வீசினோம். அவருடைய மணிக்கட்டு எங்களில் யாருக்கும் வரவில்லை. எல்லோருக்கும் வந்தது ஒன்றே ஒன்றுதான், பந்தை விடும்போது இரண்டு கண்ணையும் பெரிதாக உருட்டுவது.

பெருமையும் சிறுமையும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பதைப் பார்க்க வேண்டும் என்றால் தர்ஜினி சிவலிங்கத்தைப் பாருங்கள். யாழ்ப்பாணம் புன்னாலைக்கட்டுவன்காரர். உயரம் 2.08 மீற்றர், ஆறடி பத்து அங்குலம். எங்கள் வீட்டு நிலையில் குனியாமல் உள்ளே வர முடியாது. உயரமான பெண்பிள்ளைக்கு எங்கள் ஊர்களில் என்னென்ன பேச்சு விழும் என்று நான் எழுதத் தேவையில்லை. அந்த உயரத்தையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் மற்றதைக் கவனிப்பதில்லை. வலைப்பந்தாட்டத்தில் வளையம் நிலத்திலிருந்து 3.05 மீற்றர் மேலே இருக்கும். அதன் உள்விட்டம் 38 சென்ரிமீற்றர். பந்தின் விட்டம் ஏறக்குறைய 22. கூடைப்பந்தில் இருப்பதுபோலப் பின்னால் பலகை கிடையாது, பட்டுத் தெறித்து உள்ளே விழும் என்று நம்ப முடியாது. தடுக்கிறவர் முன்னால் கை நீட்டி நிற்பார். ஆட்டம் முழுக்க, களைத்த கையோடு, அந்தச் சின்ன வட்டத்துக்குள் திரும்பத் திரும்பப் பந்தை இறக்க வேண்டும். உயரம் பிறப்போடு வந்தது. குறி பழகிப் பழகி வந்தது. 2009இலும் 2018இலும் இலங்கை ஆசியக் கிண்ணத்தை வென்றபோது அவர் அணியில் இருந்தார். 2011இல் சிங்கப்பூரில் நடந்த உலகப் போட்டியில் மிகச் சிறந்த கோல் போடுபவர் என்ற பெயரும் அவருக்குத்தான்.

அடுத்தது ஆக்கம். ஒன்று இன்னொன்றாக மாறுவது. இதற்கு நான் வன்னியை விட்டு வெளியே போகத் தேவையில்லை.

2023இல் பிலிப்பைன்சில் மூத்தோருக்கான தடகளப் போட்டி நடந்தது. முல்லைத்தீவு மாவட்டம் முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மா அதில் இரண்டு தங்கமும் ஒரு வெண்கலமும் எடுத்தார். அப்போது அவருக்கு வயது 72. ஒலிம்பிக்கோடு இதை ஒப்பிட முடியாது, அவர் வயதுக்காரரோடுதான் போட்டி. அது தெரிந்துதான் சொல்கிறேன்: அந்த வருடம் எங்கள் பக்கத்தில் அதிகம் பேசப்பட்ட விளையாட்டுச் செய்தி இதுதான். 72 வயதுப் பெண் என்று சொன்னால் எங்கள் மனதில் என்ன படம் வரும்? திண்ணை, வெற்றிலைத் தட்டம், பேரப்பிள்ளை, முழங்காலுக்குத் தைலம். அந்தப் படம் எழுந்து, சப்பாத்தைக் கட்டிக்கொண்டு, ஓடத் தொடங்கினால்? அதைத்தான் ஆக்கம் என்கிறார்கள். அதோடு, முல்லைத்தீவில் அந்த வயதில் உள்ள ஒரு தலைமுறை எத்தனை இடப்பெயர்வைக் கண்டு வந்தது என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

செய்தி வந்த அன்று என் அம்மாவிடம் கைப்பேசியைக் கொடுத்தேன். படத்தைப் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தார். முகத்தைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால், அவர் பெருப்பித்துக்கொண்டிருந்தது காலை. "இந்த வயசில முழங்கால் எப்பிடித் தாங்குது?" என்றார். பிறகு ஒன்றும் பேசாமல் தன் முழங்காலைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தார்.

என்னைக் கேட்டால் விளக்கம் முழுவதும் அந்தத் தடவலில் இருக்கிறது. எங்களுக்கு வியப்பை அளக்க வேறு அளவுகோல் கிடையாது, சொந்த உடம்புதான் அளவுகோல். பெடல் சுற்றித் தோள் கழன்ற பையனுக்குத்தான் நாள் முழுக்கப் பந்து வீசுகிற தோள் என்ன தோள் என்று தெரியும். குளத்தைக் குறுக்காக நீந்தப் பார்த்து நடுவில் மூச்சு வாங்கியவனுக்குத்தான் கடலைக் கடந்தவன் யார் என்று தெரியும். ஒரு பெரிய விஞ்ஞானியின் வேலை எவ்வளவு கடினம் என்பதை என்னால் என் உடம்பில் உணர முடியாது. ஓட்டம் அப்படி இல்லை. எல்லோரும் ஓடியிருக்கிறோம், எல்லோருக்கும் விலாவில் குத்து வந்திருக்கிறது. அதனால்தான் எழுதப் படிக்கத் தெரியாதவரும் தெரிந்தவரும் ஒரே நேரத்தில் எழுந்து நிற்கிறார்கள். மாட்டின் விலாவில் கை வைத்த அந்தப் பிள்ளையும் அதைத்தான் செய்தது. தன் நெஞ்சு அடிப்பதை அது அறியும், அதை வைத்துத்தான் மாட்டினுடையதை அளந்தது.

பெருமிதத்தின் நான்கையும் ஒவ்வொன்றாக விரிக்கப் போவதில்லை. கல்வி என்பது இங்கே கற்றுத் தேர்ந்த திறமை, அதைப் பற்றிச் சொல்லிவிட்டேன். புகழ் தானாக வரும். தறுகணுக்கு ஒரு கடல் போதும். தொண்டைமானாற்று நவரத்தினசாமி 1954இல் பாக்குநீரிணையை நீந்திக் கடந்தார். 1971இல் வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் அதே கடலைப் போகவும் வரவும் ஒரே மூச்சாக நீந்தினார். 51 மணித்தியாலம். இரண்டு இரவு கடலுக்குள். 1984இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்றபோது அந்தத் தண்ணீரிலேயே உயிர் போயிற்று. கடற்கரை ஊர்களில் பழைய ஆட்கள் அவரைப் பற்றிப் பேசும்போது இன்றும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

கொடை என்ற ஒன்றை இந்த வரிசையில் வைத்தது எனக்கு மிகவும் பிடிக்கும். வீரத்துக்கும் கொடுப்பதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நாகலிங்கம் எதிர்வீரசிங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யாழ். மத்திய கல்லூரி மாணவர். 1952 ஹெல்சிங்கி, 1956 மெல்பேண் என்று இரண்டு ஒலிம்பிக்கில் உயரம் பாய்ந்தவர். 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டில் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கம் எடுத்தார். ஆசிய விளையாட்டில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. 2.03 மீற்றர் என்றால் ஆறடி எட்டங்குலம், ஏறத்தாழ வீட்டுக் கதவின் உயரம். கதவுக்கு முன்னால் நின்று ஒருமுறை அண்ணாந்து பாருங்கள், அதன் மேலால் உடம்பு முழுதும் போக வேண்டும். அதோடு நின்றிருந்தாலும் அவர் பேர் நிலைத்திருக்கும். ஆனால் வெளிநாட்டில் படித்துப் பட்டம் பெற்ற பிறகு, வடக்கு கிழக்கின் கல்விக்கும் விளையாட்டுக்கும் என்று முதுமை வரை உழைத்தார். 2024இல் அவர் காலமானபோது, அவர் பாய்ந்ததைக் கண்ணால் காணாத தலைமுறைதான் அதிகம் எழுதியது. அந்தத் தலைமுறைக்கு அவருடைய கொடைதான் தெரியும். முரளியின் பெயரால் 2012இல் தொடங்கிய நல்லிணக்கக் கிண்ணப் போட்டிக்காகத் தென்னிலங்கைப் பள்ளி அணிகள் வடக்குக்கு வந்து கிளிநொச்சி, மாங்குளம் மைதானங்களில் விளையாடியதும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

இனி அந்த வயோதிபரிடம் திரும்பி வருவோம். "எங்கட மாடு" என்றாரே. மாடு யாருடையதோ, 'எங்கட' என்று எப்படி வந்தது?

1976இல் ரொபேர்ட் சியால்டினி என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் இதை ஆராய்ந்து எழுதினார்கள். பல்கலைக்கழக அணி சனிக்கிழமை ஆட்டத்தில் வென்றால், திங்கட்கிழமை அந்தப் பல்கலைக்கழகப் பெயர் போட்ட உடுப்போடு வரும் மாணவர் தொகை கூடியது. ஆட்டத்தைப் பற்றிக் கேட்டபோது, வென்ற ஆட்டத்தை 'நாங்கள்' என்று சொன்னவர்கள், தோற்ற ஆட்டத்துக்கு 'அவர்கள்' என்று மாறிக்கொண்டார்கள். இதைப் படித்தபோது நான் எங்கள் ஊர் உதைபந்தாட்டக் கழகத்தை நினைத்துக்கொண்டேன். வென்றால், "நாங்கள் வெண்டிட்டம்." தோற்றால், "பெடியள் விட்டிட்டாங்கள்." ஒரே வாய்தான், ஒரே கழகம்தான். இதைக் குறையாகச் சொல்லவில்லை. போரில் எல்லாம் இழந்து, முகாமில் இருந்து, பிறகு வந்து காடு வெட்டிக் குடியேறிய ஊருக்கு 'நாங்கள் வென்றோம்' என்று சொல்லக் கிடைக்கிற இடங்கள் எத்தனை? மீள்குடியேறிய பல ஊர்களில் வீடு முழுதாக எழும்ப முன்னரே கரப்பந்து வலை கட்டப்பட்டுவிட்டது. அந்த வலையைச் சுற்றித்தான் ஊர் மறுபடி 'நாங்கள்' ஆனது.

அப்புறம், கிட்டவும் தூரமும் என்று ஒரு விடயம் இருக்கிறது. வீரர் மிகத் தூரத்தில் இருந்தால் பார்த்து வாயைப் பிளக்கலாம், பின்னால் போக முடியாது. 1997இல் லொக்வுட், குண்டா என்ற இரண்டு ஆய்வாளர்கள் கனடாவில் ஒரு சோதனை செய்தார்கள். கணக்கியல் படிக்கிற மாணவர்களிடம், அதே துறையில் எல்லாப் பரிசும் வாங்கிய ஒரு மூத்த மாணவரைப் பற்றிய கட்டுரையைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு அது உற்சாகம் தந்தது, இன்னும் மூன்று வருடம் இருக்கிறதே, நானும் வரலாம் என்று. கடைசி ஆண்டு மாணவர்களுக்கு அந்த உற்சாகம் வரவில்லை, நேரம் முடிந்துவிட்டதே. அதே ஆள்தான், அதே கட்டுரைதான். 'எனக்கும் எட்டும்' என்று தோன்றுகிறதா என்பதில்தான் வித்தியாசம்.

விஜயகாந்த் வியாஸ்காந்த் 2024இல் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணிக்காக ஐபிஎல் ஆடியபோது வன்னிப் பெடியள் அவ்வளவு துள்ளியதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அவரும் யாழ். மத்திய கல்லூரிக்காரர், எதிர்வீரசிங்கம் படித்த அதே பள்ளிக்கூடம். முரளி கண்டி. யாழ்ப்பாணம் பரந்தனில் பஸ் ஏறினால் போய் இறங்குகிற இடம். கை காட்டுகிற தூரத்தில் ஒருவர்.

அதைவிடக் கிட்ட இருக்கிற ஒருத்தியைச் சொல்லட்டுமா? பெயர் சொல்லமாட்டேன், பள்ளிக்கூடத்துப் பிள்ளை. எங்கள் ஊர்க் குளக்கட்டில் விடிய ஐந்தரைக்கு ஓடுவாள். மாகாணமட்டத்தில் 1,500 மீற்றருக்கு நாலாவதாக வந்தவள். பதக்கம் இல்லை. எங்கள் பக்கத்தில் விடியப்புறம் யானை நடமாட்டம் உண்டு. அதனால் தகப்பன் மோட்டார் சைக்கிளில் மெதுவாகப் பின்னால் வருவார், முன் விளக்கைப் போட்டபடி. மகளுடைய நிழல் அவளுக்கு முன்னால் நீளமாக விழும், அவள் தன் நிழலைத் துரத்திக்கொண்டு ஓடுவாள். வலது மணிக்கட்டில் ஒரு லேஞ்சி கட்டியிருப்பாள், வியர்வை துடைக்க. ஆணிச் சப்பாத்து ஒரு சோடிதான், அதையும் அவளும் கூட்டாளியும் மாறி மாறிப் போடுகிறார்கள். போட்டி நாளில் ஒருத்தி 800 ஓடி முடித்து, புல்லில் விழுந்து கிடந்தபடியே சப்பாத்தைக் கழற்றி மற்றவளிடம் எறிவதை நான் கண்டிருக்கிறேன்.

தகப்பனிடம் ஒருநாள் கேட்டேன், "அண்ணை, பெற்றோல் விற்கிற விலையில் ஒவ்வொரு நாளும் இப்பிடி வாறீங்களே?" என்று. "நான் வராட்டி அவள் வருவாள் தம்பி, அதுதான் பயம்" என்றார்.

ஊரில் சின்னப் பிள்ளைகளுக்கு அவள்தான் வீராங்கனை. முரளியைத் தெரியாத பிள்ளைக்கும் அவளைத் தெரியும். அவள் களைத்து வருவதைக் காண்கிறார்கள், தோற்று வருவதையும் காண்கிறார்கள், அடுத்த நாள் விடிய விளக்கு வெளிச்சம் குளக்கட்டில் அசைவதையும் காண்கிறார்கள். தொலைக்காட்சியில் வருகிற வீரரின் வெற்றியை மட்டும்தான் எங்களுக்குக் காட்டுவார்கள். இவளிடம் முழுவதையும் பார்க்கலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் வேண்டும். நாங்கள் வியப்பது அந்த உழைப்பை என்றால், உழைப்பு பொய்யானால் வியப்பும் உடைந்துபோகும். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீற்றரில் மரியன் ஜோன்ஸ் முதலாவதாக வந்தார், எங்கள் நாட்டு சுசந்திகா ஜயசிங்க மூன்றாவது. 2007இல் மரியன் ஜோன்ஸ் தடைசெய்யப்பட்ட மருந்து எடுத்ததை ஒப்புக்கொண்டார். பதக்கங்கள் பறிபோயின, சுசந்திகாவின் வெண்கலம் பிறகு வெள்ளி ஆனது. ஏமாற்றப்பட்டது மற்ற ஓட்டக்காரர்கள் மட்டும் இல்லை. அந்த ஓட்டத்தைத் தன் உடம்பால் அளந்து, 'அம்மாடி' என்று எழுந்து நின்ற ஒவ்வொருவரும்தான்.

இன்னொரு தவறு எங்களுடையது. மைதானத்தில் பெரியவர் எல்லாவற்றிலும் பெரியவராக இருப்பார் என்று நாங்களே நினைத்துக்கொள்கிறோம். நான் சின்ன வயதிலிருந்து நேசித்த ஒரு வீரர் பின்னாளில் மேடையில் பேசிய சில பேச்சுகளைக் கேட்டு, சில நாள் சாப்பாடு இறங்காமல் இருந்தேன். பிறகுதான் மெல்ல விளங்கியது: அவர் கையில் இருந்த திறமை பொய் இல்லை, அந்தத் திறமைக்குள் இல்லாத ஒன்றை அவரிடம் எதிர்பார்த்தது நான். பிள்ளைகளிடம் இதைச் சொல்லித் தர வேண்டும். அவரிடம் எது உனக்குப் பிடித்தது, அவர் வீசுகிற விதமா, விழுந்து எழும்புகிற விதமா என்று கேளுங்கள். அவர்கள் யோசித்துப் பதில் சொல்வார்கள். வீரரை முழுதாகத் தூக்கித் தலையில் வைக்காமல், அவரிடம் இருந்து வேண்டியதை எடுத்துக்கொள்ளப் பழகுவார்கள்.

எடுத்துக்கொள்வது எங்கிருந்து தொடங்கும் என்றால், பெரும்பாலும் தேவையில்லாத ஒன்றிலிருந்துதான். நாங்கள் முரளியிடம் எடுத்தது உருட்டுகிற கண். கூட வந்தவர்களில் இரண்டொருவர் அந்தக் கண்ணோடு நிற்காமல் பந்தைச் சுழற்றவும் பழகி, பிறகு கழக அணிகளில் ஆடினார்கள்.

போன கிழமை பின்னேரம் குளக்கட்டால் வந்துகொண்டிருந்தேன். தரம் மூன்றோ நாலோ படிக்கிற ஒரு பெண்பிள்ளை, பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு, வெறுங்காலோடு ஓடி வருகிறாள். வலது மணிக்கட்டில் லேஞ்சி. துடைப்பதற்கு இன்னும் வியர்வைகூட வரவில்லை. அவளுக்குப் பத்தடி பின்னால் அவளுடைய தம்பி. இரண்டு கையையும் முன்னால் நீட்டி, எதையோ முறுக்குவது போலப் பிடித்துக்கொண்டு, வாயால் "டுர்ர்ர்" என்று சத்தம் போட்டபடி, அக்காவை முந்திவிடாமல் மெதுவாக ஓடி வருகிறான்.